ஊர்க் கண்ணையெல்லாம் பார்த்த அக்கா

அவர் பேரை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் யாராவது போய்ப் படித்துக் காட்டிவிடுவார்கள். மறுநாளே பெரிய முதலியார்சாவடியில் இப்போது அவர் இருக்கிற மகள் வீட்டிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கி, "இன்னாம்மா, பக்கம் பக்கமா எழுதறியாமே! நடுநடுவுல எழுந்து தூரமா எதையாவது பாக்கறியா? எங்க, கண்ணைக் காட்டு" என்று என் கீழ் இமையைப் பிடித்து இழுப்பார். தெருவில் போகிற கீரைக்காரி வரைக்கும் நின்று என் கண்ணை எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். எனக்கு இது தேவையா?

அதனால் அக்கா என்றே சொல்லிக்கொள்கிறேன். மரக்காணம் உப்பளத்தில் எங்களுக்கும் கொஞ்சம் பாத்தி குத்தகைக்கு உண்டு. தண்ணீர் கட்டுவது, பதம் பார்ப்பது, விளைந்த உப்பை வாரி வரப்போரம் குவிப்பது எல்லாம் என் வீட்டுக்காரர் வேலை. குவித்ததைக் கூடையில் சுமந்துபோய் மேட்டில் கொட்டுவது பெண்கள் வேலை. அந்தப் பெண்களை ஒரு செட்டாகச் சேர்த்துக் கூட்டி வருபவர்தான் அக்கா. நான் டீ போடுவேன், ஆள் கணக்குப் பார்ப்பேன், தேவைப்பட்டால் சண்டை போடுவேன். சண்டையில் எனக்கு ஊரில் நல்ல பேர் உண்டு. ஆனால் அக்காவிடம் ஒரு தடவைகூட ஜெயித்தது கிடையாது.

உப்பளத்து வெயில் மேலேயிருந்து ஒரு தடவை அடிக்கும், கீழே உப்பில் பட்டு இன்னொரு தடவை அடிக்கும். எங்கள் ஆட்களை எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரிந்துவிடும். நிழலில் நிற்கும்போதுகூடக் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் நிற்போம். அது எங்களுக்குப் பழகிப்போன விஷயம். கண் எரிந்தால் முந்தானையால் ஒரு தேய் தேய்த்துவிட்டு அடுத்த கூடையைத் தூக்குவோம். அக்காவும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தாராம்.

அதன்பிறகு அவர் அம்மாவுக்குக் கண்ணில் புரை வந்து, பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். துணைக்குப் போய் இருந்தவர் அக்கா. அங்கே நர்சம்மா ஒவ்வொரு கட்டிலாக நின்று, கண்ணைக் கசக்காதே, அடுத்தவர் துண்டை எடுக்காதே, கீரை சாப்பிடு, சர்க்கரை இருக்கிறதா பார் என்று சொல்லிக்கொண்டே போவாராம். எல்லாரும் அவரவர் கட்டிலுக்கு வரும்போது மட்டும் கேட்டார்கள். அக்கா நர்சம்மா பின்னாடியே நடந்து எல்லாக் கட்டிலிலும் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து ஊர் திரும்பினார்கள். அக்காவுக்குத்தான் அது முடியவே இல்லை.

தினமும் காலையில் டீ குடிக்கும் முன்னால் கண் பார்ப்பது நடக்கும். பெண்கள் வரிசையாக நிற்க வேண்டும். அக்கா ஒவ்வொரு முகத்தையும் தாடையைப் பிடித்துத் தூக்கி, "மேல பாரு, கீழ பாரு, என்னைப் பாரு" என்பார். சிவந்திருந்தால் ஏன் சிவந்தது என்று விசாரணை. அவர் கேட்கிற கேள்வியில் புருஷன்மார் குடித்த கதை, மாமியார் திட்டிய கதை, சீரியல் பார்த்த கதை எல்லாம் வெளியே வந்துவிடும். எங்கள் உப்பளத்தில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள நான் மெனக்கெட்டதே இல்லை. டீ கேனோடு பக்கத்தில் நின்றாலே போதும்.

வேலை நடக்கும்போது திடீரென்று ஒரு சத்தம் கேட்கும்: "கை!" அவ்வளவுதான். உப்புக் கையைக் கண்ணுக்குக் கொண்டுபோன பெண் அப்படியே சிலை மாதிரி நின்றுவிடுவாள். நல்ல தண்ணீர் குடம் ஒன்று மேட்டில் தனியாக இருக்கும். அதில்தான் கை கழுவி, முகம் கழுவி, அவளவள் துண்டில்தான் துடைக்க வேண்டும். துண்டு மாறக் கூடாது என்று ஒவ்வொன்றிலும் ஒரு கலர் நூல் தைத்துக் கொடுத்திருந்தார். இந்த "கை!" உப்பளத்தோடு நின்றதா என்றால் இல்லை. பஸ்ஸில் கண்டக்டரைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். கோயிலில் கற்பூரப் புகை பட்டுக் கண்ணைத் தேய்க்கப் போன பூசாரியைப் பார்த்துக் கத்தியதில், அவர் தட்டையே கீழே போட்டுவிட்டார்.

பக்கத்துக் குப்பத்தில் ஒரு சாவுக்குப் போயிருந்தோம். செத்தவர் மகள் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறாள். அக்கா மெல்லப் போய் அவளைக் கட்டிப்பிடித்து, முதுகைத் தடவி, காதருகே குனிந்து ஏதோ சொன்னார். என்ன ஆறுதல் சொல்கிறார் பார்ப்போம் என்று நானும் காதைக் கொடுத்தேன். "அழும்மா, நல்லா அழு. அப்பா இல்லையா, அழத்தான் வேணும். ஆனா கசக்காத" என்றார். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

கண்ணில் எண்ணெய் விடுவது, தாய்ப்பால் விடுவது, வெங்காயச் சாறு விடுவது என்று யார் வைத்தியம் சொன்னாலும் அக்காவுக்கு வெறி வந்துவிடும். "கண்ணு இன்னா வடைச்சட்டியா, எண்ணெய் ஊத்தறதுக்கு?" என்பார். முருங்கைக்கீரை விஷயத்தில் அவருக்கு நியாயமே கிடையாது. அவர் வீட்டுக் குழம்பு, பொரியல், அடை, ரசம் எதைத் திறந்தாலும் உள்ளே முருங்கைக்கீரை இருக்கும். ஒரு தடவை கேசரி கொண்டுவந்து கொடுத்தார். பச்சையாக எதுவும் தெரிகிறதா என்று கிளறிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டேன்.

செட்டில் வளர்மதி என்று ஒரு சின்னப் பெண். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க போனில் கண்ணை நட்டுக்கொண்டு கிடப்பாள். அக்கா அவளுக்காகவே ஒரு பயிற்சி வைத்தார். சாப்பிட்டு முடித்ததும் செட்டு மொத்தமும் வரப்பில் வரிசையாக நின்று, தூரத்துப் பனைமரத்தைப் பார்த்துக் கண்ணைக் கொட்டிக் கொட்டி விழிக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிற கார்க்காரர்கள் வண்டியை நிறுத்தி, பனைமரத்தில் என்னவோ இருக்கிறதென்று இறங்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு குடும்பம் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டே போனது.

அடுத்ததாக வந்தது கண்ணாடி. வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும் என்று அக்கா முடிவு செய்துவிட்டார். அவர் மருமகன் பாண்டிச்சேரி பீச்சில் கூலிங் கிளாஸ் விற்பவர். விற்காமல் நின்றுபோன சரக்கையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டார். இதய வடிவம், பட்டாம்பூச்சி வடிவம், தங்க நிற ஃபிரேம், ஓரத்தில் கல் பதித்தது. எங்கள் செட்டுப் பெண்கள் தலையில் சும்மாட்டை வைத்து, அதன்மேல் உப்புக் கூடையை வைத்து, கண்ணில் ரோஜா கலர் இதயத்தோடு வரப்பில் நடந்து வந்த முதல் நாளை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். டீ கேனைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்து சிரித்தேன்.

கண்ணாடி ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. யூவி நானூறு என்று போட்டிருக்கும். அதைப் பிய்க்கக் கூடாது என்பது அக்காவின் கட்டளை. "அதுலதான் பவரே இருக்குது. பிச்சா வெறும் கண்ணாடி." நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அது விலைச் சீட்டு மாதிரி சும்மா ஒட்டினதுதான் என்று. "நீ ஆஸ்பத்திரில இருந்தியா, நான் இருந்தேனா?" என்று கேட்டார். அதற்குமேல் என்ன பேசுவது? எங்கள் செட்டு அந்த ஸ்டிக்கரைக் கடைசி வரை சுமந்துகொண்டேதான் உலகத்தைப் பார்த்தது.

எல்லாரும் அக்காவுக்குக் கட்டுப்பட்டார்கள். கட்டுப்படாதவர் ஒரே ஒருத்தர்தான். என் வீட்டுக்காரர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாத்திக்குள் விடுகிற தண்ணீர் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பதில்தான் உப்புக்காரன் பிழைப்பே இருக்கிறது. வெயிலில் காயக் காயத் தண்ணீர் கெட்டியாகி, மெல்லச் சிவக்கும். சரியான சிவப்பில் எடுத்துப் பாத்திக்குள் விட்டால் உப்பு பொலபொலவென்று விழும். அவசரப்பட்டு முன்னாலேயே விட்டால் சுண்ணாம்புதான் படியும், உப்பு கெட்டுப்போகும். மற்றவர்கள் தண்ணீரின் கெட்டியை டிகிரியில் காட்டுகிற கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். இவர் தொடவே மாட்டார். வரப்பில் நின்று ஒரு பார்வை பார்த்து, "திற" என்பார். அக்கம்பக்கத்து அளத்துக்காரர்களே இவரைக் கூட்டிப் போய்க் காட்டுவார்கள். "என் கண்ணே டிகிரிதான்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

அந்தக் கண்ணில் ஏதோ கோளாறு என்று எனக்குச் சந்தேகம் வந்து வெகு நாள் ஆகியிருந்தது. வீட்டு பல்பைக் குறை சொன்னார், புது பல்பு மாட்டினேன். அரிசி பழுப்பாக இருக்கிறது என்றார், கடையை மாற்றினேன். வேட்டி வெளுக்கவே இல்லை, உனக்குத் துவைக்கத் தெரியவில்லை என்று தினமும் ஒரு சண்டை. சோப்பை மாற்றினேன், பவுடரை மாற்றினேன், கடைசியில் ஆத்திரத்தில் நீலத்தை அள்ளிக் கொட்டி முக்கி எடுத்தேன். கட்டிக்கொண்டு, "இப்பத்தான் வெள்ளையா இருக்குது. இவ்ளோ நாளா இன்னா பண்ணிட்டிருந்த?" என்றார். வேட்டி ஆகாய நிறத்தில் இருந்தது.

ஒரு சாயங்காலம் கூனிமேட்டிலிருந்து வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். எதிரே வந்த லாரி வெளிச்சம் போட்டதும் இவருக்குக் கண் கூசி, வண்டி ஓரமாகப் போய் எதிலோ மெத்தென்று முட்டி நின்றது. "ஏம்மா, ரோட்டோரத்துல குந்திக்கினு இன்னா பண்ற? கண்ணு தெரியல உனக்கு?" என்று இறங்கித் திட்டினார். முட்டியது சேலை போர்த்திய உப்பு மூட்டை. எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகு, அந்த இடத்தில் நிஜமாகவே ஒருத்தி உட்கார்ந்திருந்தால் என்று நினைத்தேன்.

"ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வந்துடலாங்க" என்றேன் மறுநாள்.

"கண்ணுல கத்தி வெச்சிக்கினு வந்தா, அப்புறம் பதம் பாக்க என்னை எவன் கூப்பிடுவான்? வாய மூடு."

அக்காவிடம் சொன்னேன். அவர் ஏற்கெனவே நோட்டம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சாலையில் வருகிற பஸ்ஸின் போர்டை வரப்பிலிருந்தே படிக்கச் சொல்வது அக்காவின் இன்னொரு பரீட்சை. என் வீட்டுக்காரர் அதில் எப்போதும் முதலாவது. பஸ் திரும்பும் முன்னாலேயே "பாண்டிச்சேரி", "திண்டிவனம்" என்று சொல்லிவிடுவார். அதெப்படி என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கும். ஒரு நாள் பாண்டிச்சேரி வண்டி வரும் நேரத்துக்கு ஒரு பஸ் வந்தது. "பாண்டிச்சேரி" என்றார் கம்பீரமாக. வளர்மதி பக்கென்று சிரித்துவிட்டாள். வந்தது வாழைமரம் கட்டிய கல்யாண பஸ்.

"கல்யாணக்காரங்க பாண்டிச்சேரிக்குப் போவக்கூடாதா?" என்றார் இவர், கொஞ்சமும் அசராமல்.

அக்கா சிரிக்கவில்லை. இத்தனை நாளும் இந்த மனுஷன் கண்ணால் படிக்கவில்லை, பஸ் வரும் நேரத்தை மனப்பாடமாக வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்கு அவருக்குப் புரிந்துபோயிற்று.

அந்தக் கோடையில்தான் அது நடந்தது. அக்கா தொந்தரவு தாங்காமல் இவரும் ஒரு பழுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார். வழக்கம்போல வரப்பில் நின்று பார்த்து, "செவந்துட்டுது, திற" என்றார். தண்ணீர் பாத்திக்குள் போனது. ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர வாய் திறக்கவில்லை. அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். உப்பு வந்தபோது கையில் எடுத்தால் பொறபொறவென்று சுண்ணாம்பாக உதிர்ந்தது. வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, விலைகூடப் பேசாமல் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியேறிப் போய்விட்டான்.

இவருக்கு வந்த கோபம் எல்லாம் கண்ணாடி மேல் திரும்பியது. கழற்றி வரப்பில் வீசினார். "எல்லாம் இந்தப் பழுப்புக் கண்ணாடியால வந்த வெனை! இதப் போட்டா வெறும் தண்ணிகூடச் செவப்பாத்தான் தெரியும். அக்கா, உங்க கண்ணு வைத்தியத்த உங்களோட வெச்சிக்குங்க. என் சீசனே போச்சு!"

அக்கா கண்ணாடியை எடுத்துத் தூசி தட்டி, முதல் வேலையாக ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம் வளர்மதிக்கு மாட்டிவிட்டு, அப்போதுதான் தண்ணீர் ஏற்றியிருந்த பாத்தியைக் காட்டினார். "இது செவந்திருக்குதா?"

"இல்லக்கா. கொஞ்சம் பழுப்பா தெரியுது. ஆனா அந்தக் கோடிப் பாத்திதான் செவந்திருக்குது. இது வெறுந்தண்ணி."

"தம்பி, இப்ப நீ பாரு. கண்ணாடி இல்லாம."

இவர் பார்த்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "செவப்பாத்தான இருக்குது?" என்றார். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

அக்கா இன்னொரு கேள்வி கேட்டார். "நீ கட்டியிருக்கற வேட்டி இன்னா கலரு?"

"இதுகூடத் தெரியாதா? வெள்ளை."

செட்டில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவர் குனிந்து வேட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தால் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிவேன் என்றார். எறியவும் செய்தார், தட்டு காலியான பிறகு.

எப்படியோ அடுத்த விளைச்சல் தப்பித்துக்கொண்டது. பதத்தை நானே ரகசியமாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "அந்தக் கோடிப் பாத்தி எப்படீங்க இருக்குது?" என்று கேட்டு, திற என்பதை அவர் வாயாலேயே வரவழைத்துக்கொண்டிருந்தேன். உப்பு நன்றாக விழுந்திருந்தது. வாரி வரப்போரமெல்லாம் குவித்தாயிற்று. சுமந்து மேட்டில் கொட்டி ஓலை போட்டு மூடுவதுதான் பாக்கி. செட்டு வந்து நின்ற அன்றைக்குப் பார்த்து, மேற்கே கழுவெளி ஏரிப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை கொஞ்ச நேரம்தான் பெய்யும். வெளியே கிடக்கிற உப்பைக் கரைக்க அது போதும்.

"சீக்கிரம் தூக்குங்கம்மா, தூக்குங்க!" என்று இவர் கத்தினார்.

அக்கா தன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். பின்னாலேயே செட்டு மொத்தமும் கூடையைக் கவிழ்த்து வரிசையாக உட்கார்ந்தது. ரோஜா இதயமும் பட்டாம்பூச்சியும் தங்க ஃபிரேமுமாக அத்தனை கண்ணாடியும் இவரையே பார்த்தன.

"தம்பி, நாளைக்குக் கண்ணு ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லு. தூக்கறோம்."

"அக்கா, விளையாடற நேரமா இது? மழை வருதுக்கா!"

"எங்களுக்குத் தெரியுது. உனக்குத் தெரியுதா? மேகம் எங்க இருக்குது, காட்டு பாப்பம்."

இவர் திரும்பினார். வானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் கையைத் தெற்கே நீட்டி, "அதான்... கூனிமேட்டுப் பக்கம்" என்றார்.

தெற்கே வானம் பளிச்சென்று இருந்தது. பஸ் போர்டுக்குச் சிரித்த வளர்மதிகூட இப்போது சிரிக்கவில்லை. ஒருத்தி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"உப்பு கரைஞ்சிடும்க்கா!"

"கரைஞ்சா திரும்பத் தண்ணி கட்டு, வெளையும். கண்ணு வெளையுமா? எங்க கூலியுந்தான் கரையுது. போனாப் போவுது."

இவர் என் பக்கம் திரும்பினார். "ஏய், நீயாவது சொல்லேண்டி இவங்ககிட்ட! நின்னு பாத்துக்கினு இருக்கற?"

அந்த உப்பு போனால் குத்தகை கட்ட எங்கே போவேன் என்று ஒரு பக்கம் ஓடுகிறது. டீ கேனைக் கீழே வைத்தேன். பக்கத்தில் ஒரு காலிக் கூடை கிடந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏய்! இது நம்ம உப்புடி!"

"ஆமாங்க. அதுவும் நம்ம கண்ணுதாங்க" என்றேன்.

முதல் தூற்றல் விழுந்தது. துளிகள் பெரிது பெரிதாக, கூடை முதுகில் டப் டப்பென்று விழுந்தன. என் கண் முன்னாலேயே ஒரு குவியலின் உச்சி மழுங்கிக் கீழே வழிந்தது. எழுந்து ஓடக் கால் துடித்தது, அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இவர் குவியலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஊரே கூப்பிட்டுப் பதம் கேட்கிற மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"பயமா இருக்குதுக்கா" என்றார். "உள்ளதும் போயிட்டுதுன்னா?"

அக்கா எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார். "எனக்கும் பயமாத்தான் இருந்திச்சு. எங்கம்மாவ உள்ள அனுப்பிட்டு அந்தக் கதவண்ட நான் நின்ன நெலம எனக்குத்தான் தெரியும். நல்லாத்தான் வெளிய வந்தாங்க. நான் கூடவே வர்றேன் தம்பி. கதவு வரைக்கும் வர்றேன்."

"சரிக்கா. வர்றேன்."

அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், கூடைகள் பறந்தன. நான் பார்த்ததிலேயே அப்படி ஒரு வேகத்தில் உப்பு சுமந்தது அன்றைக்குத்தான். கொஞ்சம் கரைந்தது, மீதியை ஓலைக்குக் கீழே சேர்த்துவிட்டோம். எல்லாரும் சொட்டச் சொட்ட நனைந்துபோனோம். அக்கா அந்தக் கொட்டுகிற மழையிலும் கூலிங் கிளாஸைக் கழற்றவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை.

மறுநாள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இடது கண்ணில் ஆரம்பம், முதலில் வலதைச் செய்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். சர்க்கரை பார்த்தார்கள், அழுத்தம் பார்த்தார்கள், ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தார்கள். ஆபரேஷன் அன்றைக்கு நர்சம்மா வந்து, "கண்ணைக் கசக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். "தலைக்குத் தண்ணி ஊத்தக் கூடாது, குனிஞ்சு வெயிட் தூக்கக் கூடாது, சொட்டு மருந்து போடறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கை கழுவணும்" என்று அக்கா முடித்துவைத்தார். நர்சம்மா அவரை மேலும் கீழும் பார்த்து, "நீங்க எந்த வார்டும்மா?" என்று கேட்டார். அதுவரைக்கும் எங்கள் இரண்டு பக்கத்துக் கட்டில்காரர்களும் அவரை ஆஸ்பத்திரி ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சொன்னபடியே அக்கா கதவு வரைக்கும் போனார். அது மூடியதும் பெஞ்சில் வந்து உட்கார்ந்தவர், இவர் வெளியே வரும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை அப்படி வாய் மூடி நான் பார்த்ததே இல்லை.

கட்டுப் பிரித்தது அடுத்த நாள் காலையில். டாக்டரம்மா விரலைக் காட்டிக் கேட்டார், இவர் சரியாகச் சொன்னார். சுவரைப் பார்த்து, "இன்னா இது, இவ்ளோ வெள்ளையா இருக்குது?" என்றார். ஜன்னலைப் பார்த்தார். கட்டில் கம்பியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு நரைத்தது, கறுத்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லப்போகிறார் என்று பதில் தயார் செய்துகொண்டு நின்றேன்.

"மூக்குத்தி போட்டிருக்கியா?" என்றார்.

சிவப்புக் கல் வைத்த சின்ன மூக்குத்தி. போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு, சீட்டுப் போட்டு, ஆசை ஆசையாக வாங்கிக் குத்திக்கொண்டது. குத்திக்கொண்டு வந்து அவர் எதிரிலேயே நாலு தடவை நடந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழம்பில் ஒரு கல் உப்பு கூடினால் ஊரைக் கூட்டுகிற மனுஷனுக்கு என் மூஞ்சியைப் பார்க்க மனசில்லை என்று நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கோபத்தை ஒரு நாள் விடாமல் சோற்றோடு சேர்த்துத் தின்றுகொண்டிருந்தேன். துவைக்கிற வேட்டியில் அதைத்தான் அடித்து அடித்துத் துவைத்தேன்.

"ரெண்டு வருஷமாவப் போவுதுங்க" என்றேன்.

"நல்லா இருக்குது" என்றார். கையை நீட்டி என் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். "செவப்புக் கல்லு. நல்லா இருக்குதுடி."

அக்கா என்னவோ சொல்லப் போகிறார் என்று அவர் பக்கம் திரும்பினேன். ஊரில் எல்லார் கண்ணையும் இழுத்து வைத்துப் பார்க்கிற மனுஷி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே யாருமில்லாத சைக்கிள் ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.